ஒன்றரை முழப் படுதா

சிலமலையிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஒச்சப்பனின் ஜீப்பில், பின்பக்கப் படுதாவைத் தைத்தவள் சந்திரவல்லி. முழுப் படுதாவையும் அல்ல, அடியில் தொங்கும் ஒன்றரை முழத் துண்டை மட்டும். ஆனால் பேர் வாங்கியது அந்தத் துண்டுதான்.

போன வருஷம் ஐப்பசியில் விடாத மழை. ஜீப்பின் கடைசி ஓரத்தில் உட்காரும் சுப்புத்தாய் தினமும் முழங்கால் வரை நனைந்து, ஊர் வந்து இறங்கியதும் சேலையைப் பிழிவாள். சந்திரவல்லிக்கு அவள் நாத்தனார். வாய் சும்மா இருக்காது.

"நீங்க எல்லாம் காய் எடுத்துட்டு வர்றீக. நான் மட்டும் தெனமும் குற்றாலத்துக்குப் போயிட்டு வர்றேன்" என்பாள்.

கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன சந்திரவல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை போடியில் பழைய லாரிப் படுதாத் துண்டு ஒன்றை வாங்கிவந்தாள். கோணி ஊசியும் மஞ்சள் நைலான் நூலும் வைத்துக்கொண்டு, விரலுக்கு ஒரு தையலாக, காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவள் மூன்று மணிக்கு எழுந்தாள். அதுவரை பின்கதவின் மேல்விளிம்போடு நின்றிருந்த படுதா, இப்போது பம்பருக்குக் கீழே வரை இறங்கியது. சாரல் நின்றது. சக்கரம் வாரியடிக்கும் சேறும் நின்றது. சுப்புத்தாய் காய்ந்த காலோடு ஊர் வந்து சேர்ந்தாள்.

மற்ற ஜீப்காரர்கள் சும்மா இருப்பார்களா? ராசிங்காபுரத்து ஜீப்புகளுக்கும் அதே போல் துண்டு வேண்டும் என்றார்கள். 'சந்திரவல்லி படுதா' என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. இந்த வருஷம் காய் எடுப்பு தொடங்கியபோது இருபத்து மூன்று ஜீப்புகளில் அந்தத் துண்டு தொங்கியது. அதில் பதினொன்று அவள் கையால் தைத்தது. போடிமெட்டு டீக்கடையில் காலையில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும்போது, டீ ஆறுவதுகூடத் தெரியாமல் மஞ்சள் தையல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பார்க்கப் பார்க்க அலுக்காது அவளுக்கு.

அதே தையலைத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை பஸ்சுக்குள் இருந்து பார்த்தாள்.

அன்று காய் எடை போடும்போது கூட நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று சூப்பர்வைசர் அவளை நிறுத்திக்கொண்டார். ஒச்சப்பனால் காத்திருக்க முடியவில்லை.

"இருட்டுறதுக்குள்ள பாதி மலையாவது எறங்கணும் ஆத்தா. நீ பஸ்சுல வந்துரு" என்று சொல்லிவிட்டு மற்றப் பெண்களோடு கிளம்பிவிட்டார்.

சந்திரவல்லி தோட்டத்து வண்டியில் போடிமெட்டு வந்து, ஆறு பத்துக்குப் போடி பஸ்சில் ஏறினாள். ஓட்டுநருக்கு இடப்பக்கம், முன்கண்ணாடியை ஒட்டிய இருக்கை கிடைத்தது. மழை விட்டிருந்தது, ஆனால் மஞ்சு இறங்கியிருந்தது. மூடுபனிக்கு மலையாளத்து ஆட்கள் சொல்லும் பேரையே தோட்டத்துக்குப் போகிறவர்களும் சொல்லப் பழகிவிட்டார்கள். பஸ்சின் வெளிச்சம் அந்த மஞ்சில் பட்டுப் பால்போலப் பரவி, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

மேலிருந்து ஆறாவது கொண்டையூசி வளைவைத் தாண்டியதும் பஸ் வீறிட்டு நின்றது. கண்டக்டர் முன்னால் வந்து விழுந்தார். யாருடைய தூக்குவாளியோ படிக்கட்டு வரை உருண்டது. சந்திரவல்லி கம்பியைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். முன்கண்ணாடிக்கு எதிரே, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல, கறுப்பாக ஒரு சுவர். அதன் அடியில் மஞ்சள் நூல். விரலுக்கு ஒரு தையல்.

தான் போட்ட தையல் அவளுக்குத் தெரியாதா?

"லைட்டே இல்லாமப் போறான் பாருங்க!" என்று கத்தினார் பஸ் ஓட்டுநர். "பின்னாடி வர்றவன் என்ன சோசியம் பாத்தா ஓட்டுறது?"

முன்பே கிளம்பியும் மஞ்சில் ஊர்ந்து ஊர்ந்து இறங்கிக்கொண்டிருந்த ஒச்சப்பனின் ஜீப்புக்கு நடந்தது எதுவும் தெரியாது. அது தன் போக்கில் இறங்கியது. சந்திரவல்லி மனசுக்குள் எண்ணினாள். நாலு எண்ணுவதற்குள் படுதாவை மஞ்சு விழுங்கிவிட்டது.

ஜீப்பின் பின் லைட்டுகளைப் போன சனிக்கிழமைதான் ஒச்சப்பன் மாற்றினார். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். எரியாத லைட்டு இல்லை அது. எரிகிற லைட்டைப் படுதாத் துண்டு மூடியிருக்கிறது. உள்ளே இருக்கிற பதின்மூன்று பெண்களையும் இந்த இருட்டில் ஒளித்துவைத்தது வேறு யாரும் இல்லை, அவள்தான். போடி வந்து சேரும்வரை அவள் கம்பியை விடவில்லை.

போடியில் பஸ் மாறிச் சிலமலையில் இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே ஒச்சப்பன் வாசலுக்குப் போனாள். ஜீப்பு அங்கேதான் நின்றது.

"ஒரு நிமிசம் லைட்டப் போடுங்கண்ணே."

ஒச்சப்பன் சாவியைத் திருகினார். பின்னால் இருட்டு. சந்திரவல்லி துண்டைத் தூக்கினாள். இரண்டு சிவப்பு லைட்டும் பளிச்சென்று எரிந்தன. துண்டை விட்டாள். மறுபடி இருட்டு. மறுபடி தூக்கினாள்.

"பாத்தீகளா?"

"எரியுதுல்ல? பெறகென்ன?"

நடந்ததைச் சொன்னாள். ஒச்சப்பன் ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்த பஸ்காரன் கண்ணசந்துருப்பான். நான் இருபத்தாறு வருசமா இந்த மல எறங்குறேன். வண்டில ஒரு சிராய்ப்பு உண்டா சொல்லு."

"படுதா போட்டு ஒரு வருசந்தானண்ணே ஆச்சு."

அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். குரல் உயர்ந்தது. "துண்ட எடுத்தா பொம்பளைக நனையும். நனைஞ்சா அடுத்த ஜீப்புல போயி ஏறுவாளுக. என் பொழப்பு என்னாகுறது? இந்தா பாரு, என் வண்டில கத்தி வச்சீனா நாளைல இருந்து ஒனக்கு எடம் கெடையாது. ஆமா."

அது சும்மா மிரட்டல் இல்லை. ஜீப்பில் இடம் இருந்தால்தான் தோட்டத்தில் வேலை. ஆட்களைக் கொண்டுபோய் விடுவதும், யார் யார் என்று தோட்டத்தில் பேர் கொடுப்பதும் ஒச்சப்பன்தான்.

மறுநாள் காலை ஜீப்புக்குள் பெண்களிடம் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் தன் பக்கம் நிற்பார்கள் என்று நினைத்தாள். முதலில் வாயைத் திறந்தவள் சுப்புத்தாய்தான்.

"நீயே தச்சு நீயே கிழிக்கிறியா மதினி? பஸ்சு வந்து இடிக்கிறது என்னைக்கோ. மழ தெனம் வருது."

எல்லாரும் சிரித்தார்கள். பஸ்சின் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தது சந்திரவல்லி ஒருத்திதான். மற்றவர்களுக்கு அந்தப் படுதா உள்பக்கம் மட்டும்தான் தெரியும். உள்ளே கதகதப்பாக இருந்தது.

போடிமெட்டில் டீக்கு நிறுத்தியபோது விஷயம் மற்ற ஜீப்காரர்கள் காதுக்கும் போனது. ராசிங்காபுரத்து வினோத்குமார் சின்ன வயசு, கேலிக்காரன்.

"யக்கா, போன வருசம் படுதா தச்சுக் குடுத்தீக. இந்த வருசம் பயத்தத் தச்சுக் குடுக்கீகளாக்கும்?"

அங்கே நின்ற மற்ற ஏழு ஜீப்காரர்களும் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒச்சப்பனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. டீ கிளாசை வைத்துவிட்டு நெஞ்சைத் தொட்டுக்காட்டினார். "என் வண்டி தெரியாமப் போகுமா? எந்த இருட்டுலயும், எந்த மஞ்சுலயும், நூறு தப்படிக்கு முன்னாலயே சொல்லிருவேன், இது ஒச்சப்பன் வண்டின்னு!"

சந்திரவல்லி சேலை முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அப்பச் சொல்லிக் காட்டுங்கண்ணே."

சிரிப்பு நின்றது.

"உங்க வண்டி எங்க நிக்கிதுன்னு நீங்க சொல்லுங்க. நூறு தப்படிக்கு முன்னால சொல்லிட்டா, இந்தப் பேச்ச நான் எடுக்க மாட்டேன். சீசன் முடியிறவரைக்கும் தெனமும் உங்க வண்டிய நான் கழுவி விடுறேன்."

"சொல்ல முடியலேன்னா?" என்றான் வினோத்குமார். அவனுக்குப் பந்தயம் என்றால் போதும்.

"துண்டு கழறும். அண்ணன் வண்டில மட்டும் இல்ல. இங்க நிக்கிற ஏழு வண்டிலயும்."

ஒச்சப்பன் சுற்றிலும் பார்த்தார். ஏழு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி எப்படிப் பின்வாங்குவது? "வெள்ளிக்கெழம" என்றார்.

சந்திரவல்லிக்கு எதையும் யோசித்துச் செய்துதான் பழக்கம். விளையாட்டாகத் தொடங்கியது வினையாகிவிடக் கூடாது என்று இரண்டு நாளும் அதே நினைப்பாக இருந்தாள். இறக்கத்தில் லாரிகள் பிரேக் ஆற ஒதுங்கி நிற்கும் அகலமான இடம் ஒன்று உண்டு. அங்கே வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஜீப்பை நிறுத்துவது என்று முடிவு செய்தாள். பெண்கள் எல்லாரும் இறங்கிப் பாறை ஓரமாகத் தள்ளி நிற்க வேண்டும். மேல் வளைவில் இரண்டு பேர் டார்ச்சோடு நின்று, வருகிற வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்ல வேண்டும். ஒச்சப்பனுக்கு மட்டும் மறைத்து, அவரை ஏற்றிக்கொண்டு ஓட்டிவரப்போகும் வினோத்குமாரிடம் இடத்தைச் சொன்னாள். "ரெண்டாவது கியர்ல வா. அதுக்கு மேல போட்டீனா நான் எறங்கிக்கிருவேன்" என்று கண்டித்துச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஆறே முக்கால். ஒச்சப்பனின் ஜீப்பை இன்னொருவர் ஓட்டிப்போய் நிறுத்தி, லைட்டுகளை எரியவிட்டு, படுதாவை இறக்கிக் கட்டியாகிவிட்டது. வினோத்குமாரின் ஜீப்பில் முன்னால் ஒச்சப்பன், பின்னால் சந்திரவல்லி. ஒச்சப்பன் கண்ணாடிக்கு மூக்கை ஒட்டிவைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நிறுத்து!" என்றார்.

வினோத்குமார் நிறுத்தினான். இறங்கிப் பார்த்தால் பாறை.

"பாறைக்கு டயர் இல்ல சித்தப்பு" என்றான்.

அடுத்த வளைவில் மறுபடி "நிறுத்து!" இந்தத் தடவை ஜல்லிக் குவியல். நெடுஞ்சாலை வேலைக்குக் கொட்டி, மேலே தார்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஒச்சப்பன் திரும்ப ஏறி உட்கார்ந்தார்.

இன்னும் ஒரு வளைவு. மஞ்சு அடர்ந்திருந்தது. ஒச்சப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வெளிச்சத்தில் வெள்ளைக் கோடு, ஈரத் தார், அதற்கப்பால் ஒன்றுமில்லை. திடீரென்று இருட்டுக்குள் இருந்து ஓர் அலறல் வந்தது.

"ஏ ஆத்தாடி! அட்ட கடிச்சுருச்சுடீ!"

"நிறுத்து நிறுத்து! அது சுப்புத்தாயி!" என்று கத்தினார் ஒச்சப்பன்.

வினோத்குமார் அதற்கு முன்பே பிரேக்கை மிதித்திருந்தான். இறங்கி எல்லாருமாக எண்ணினார்கள். பதினான்கு தப்படி.

"பாத்துட்டேன்ல?" என்றார் ஒச்சப்பன், குரலில் பலமில்லாமல்.

"நீங்க பாக்கலண்ணே. கேட்டீக" என்றாள் சந்திரவல்லி. "அவ வாயத் தொறக்கலன்னா?"

எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்தால், சிரிப்பு வரவில்லை. சுப்புத்தாய் அட்டையை உதறக்கூட மறந்து நின்றாள். கால் விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. இருட்டில், மஞ்சில், வெளியே நின்று தன் ஜீப்பின் பின்பக்கத்தை அவள் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

"மதினி," என்றாள், அவளுக்கே பொருந்தாத தணிந்த குரலில். "அவன் வண்டி லைட்டு நேரா நான் உக்கார்ற எடத்துக்கே வந்துச்சு. வேற எங்கயும் போகல. நேரா அங்கயேதான்."

சந்திரவல்லி அவளைப் பிடித்து உட்காரவைத்து, தோட்டத்துக்கென்று முந்தியில் முடிந்து வைத்திருந்த உப்பை அட்டைமேல் வைத்தாள்.

பிறகு இரண்டாவது ஓட்டம். இடம் தெரிந்துவிட்டதால் ஜீப்பை இரண்டு வளைவு கீழே கொண்டுபோய், அங்கிருந்த இன்னொரு ஒதுங்குமிடத்தில் நிறுத்தினார்கள். இந்தத் தடவை ஒன்றரை முழத் துண்டைச் சுருட்டி மேலே கட்டியிருந்தாள். ஒச்சப்பனை வைத்துக்கொண்டு வினோத்குமார் மேலே போய்த் திரும்பி வந்தான். வளைவு முடிந்து வண்டி நேரானதுதான் தாமதம், "நிறுத்து" என்றார் ஒச்சப்பன். இப்போது கத்தவில்லை. மஞ்சுக்குள் தூரத்தில், பக்கம் பக்கமாக இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

அவரே இறங்கி நடந்தார். ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டே போனார். முப்பதுக்கு மேல் குரல் இறங்கியது. ஐம்பதுக்கு மேல் உதடு மட்டும் அசைந்தது. ஜீப்பின் பின்கதவில் கைவைத்தபோது எழுபத்திரண்டு.

"ஐம்பத்தெட்டுத் தப்படி வித்தியாசம் சித்தப்பு," என்றான் வினோத்குமார். கேலி போய்விட்டிருந்தது. "அதுக்குள்ள என் வண்டிய நான் ரெண்டு தடவ நிறுத்திருவேன்."

ஒச்சப்பன் துண்டைச் சுருட்டிக் கட்டியிருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டைப்பையைத் தடவினார்.

"யாருகிட்டயாவது கத்தி இருந்தாக் கொண்டாங்க."

"கத்தி வேணாம்ணே," என்றாள் சந்திரவல்லி. "கத்தி வச்சா படுதா கிழிஞ்சு போகும். தையல் என்னுது. நானே பிரிக்கிறேன்."

அந்த ஒதுங்குமிடத்திலேயே, பதின்மூன்று பெண்களும் செல்போன் லைட்டைக் காட்ட, அவள் ஊசி நுனியால் ஒவ்வொரு தையலாக நெம்பி எடுத்தாள். தைக்க ஐந்து மணி நேரம் ஆனது. பிரிக்க இருபது நிமிஷம்.

பந்தயம் முடிந்தது. மழை முடியவில்லையே! சனிக்கிழமை சுப்புத்தாய் மறுபடி முழங்கால் வரை நனைந்துதான் ஊர் வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது சந்திரவல்லியைத் தூங்கவிடவில்லை. விடிந்ததும் துண்டையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு ஒச்சப்பன் வாசலுக்குப் போய், வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். துண்டு வெளியே தொங்கினால்தானே லைட்டை மூடும்? பின்கதவுக்கு உள்பக்கமாக இறங்கினால்? துண்டின் மேல்விளிம்பைப் படுதா நுனிக்குச் சற்று மேலே உள்பக்கமாகத் தைத்து, துண்டைக் கதவுக்கு உள்ளே மடித்துவிட்டு, கீழ்நுனியை இருக்கைக் காலில் கயிறு போட்டுக் கட்டினாள். மேலே வழிகிற தண்ணீர் கதவுக்கு வெளியே போய்விடும். லைட்டுகள் திறந்தே இருக்கும். படுதாவின் நடுவில் ஒரு சாண் அளவுக்கு வெட்டி, கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் தாளையும் வைத்துத் தைத்தாள். உள்ளே இருப்பவர்களும் பின்னால் வருவதைப் பார்க்க வேண்டும் என்பது அவள் கணக்கு. ஒச்சப்பன் தன் பங்குக்குப் போடியில் சிவப்பு ரேடியம் ஸ்டிக்கர் வாங்கிவந்து, கேட்டதற்கு இரண்டு பங்காக ஒட்டினார்.

"மாப்பிள்ள ஊர்வலத்துக்கா போகுது வண்டி?" என்றாள் சுப்புத்தாய். வாய் திரும்பிவிட்டது.

"ஏறி ஒன் எடத்துல உக்காரு. சோதிச்சுப் பாப்போம்" என்றார் ஒச்சப்பன்.

அவள் உட்கார, வெளியிலிருந்து மூன்று குடம் தண்ணீரைப் படுதாமேல் வீசி ஊற்றினார். மூன்றாவது குடம் முடிந்ததும் சுப்புத்தாய் உள்ளிருந்து காலை நீட்டினாள். தூசிகூடக் கலையாமல் காய்ந்திருந்தது கால்.

அந்த வாரம் ஏழு ஜீப்புகளிலும் துண்டு உள்ளே போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்திரவல்லி ராசிங்காபுரம் போய் உட்கார்ந்தாள். வினோத்குமார் டீ வாங்கிவந்து பக்கத்தில் வைத்தான்.

"யக்கா, அன்னைக்குப் பேசுன வாயையும் சேத்துத் தச்சுருங்க."

"நூலு பத்தாதுப்பா" என்றாள் அவள், நிமிராமல்.

பதினெட்டாவது நாள் இருபத்து மூன்றாவது ஜீப்பும் முடிந்தது.

கார்த்திகை பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை. மலை முழுக்க மஞ்சு. போடிமெட்டிலிருந்து ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ஒச்சப்பனின் ஜீப்பு கடைசி. சந்திரவல்லி அன்று சுப்புத்தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆறாவது வளைவு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுப் பிளாஸ்டிக் தாள் வழியாக வெளியே பார்த்தாள். பின்னால் பெரிய வெளிச்சம் இரண்டு, உயரத்தில். பஸ்சு.

சுப்புத்தாயும் பார்த்தாள். அவள் கை சந்திரவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டது.

வெளிச்சம் கிட்டே வரவில்லை. ஏழாவது வளைவு, எட்டாவது வளைவு. ஜீப்பு மெதுவானால் அதுவும் மெதுவானது. அதே தூரம். பத்தாவது வளைவில் மஞ்சு கெட்டியாகி வெளிச்சம் மங்கியது, ஆனால் நெருங்கவில்லை. பதினேழாவது வளைவையும் தாண்டி, கீழே முந்தல் செக்போஸ்ட் விளக்குகள் தெரியும்வரை அந்த இரண்டு வெளிச்சமும் தங்கள் இடத்திலேயே வந்தன.

செக்போஸ்ட்டில் முன்னால் போன ஜீப்புகள் வரிசையில் நின்றன. பஸ் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். அதே ஆள்தான்.

"அண்ணே, முன்னயெல்லாம் இந்த ஜீப்புக எங்க போகுதுன்னே தெரியாது, பிரேக்குல கால வச்சேதான் எறங்குவேன். இன்னைக்கு மேட்டுல இருந்து உங்க செகப்பு லைட்டப் பாத்துத்தான் எறங்குனேன். யாரு செஞ்ச வேல இது?"

ஒச்சப்பன் கட்டைவிரலால் பின்னால் காட்டினார். "தச்சவ பின்னால இருக்கா. பந்தயத்துல என்னத் தோக்கடிச்சவ."

சுப்புத்தாய் படுதாவை விலக்கித் தலையை வெளியே விட்டாள். "எங்க மதினிதேன்! போன வருசம் லைட்ட மறைச்சதும் அவதேன், இந்த வருசம் தொறந்துவிட்டதும் அவதேன்!"

"ஏன்டீ, மொதல்ல உள்ளதையும் சேத்தா சொல்லணும்?" என்று அவள் இடுப்பில் கிள்ளினாள் சந்திரவல்லி.

பஸ் ஓட்டுநர் சிரித்துக்கொண்டே இரண்டு தடவை ஹாரன் அடித்தார். சுப்புத்தாய் அதற்குத்தான் காத்திருந்தவள்போல் வாயில் கைவைத்துக் குலவை போட்டாள். கோயில் கொடையில் முளைப்பாரி கிளம்பும்போது போடுகிற குலவை. மற்றப் பன்னிரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். முன்னால் நின்ற ஜீப்பில் என்ன ஏது என்று தெரியாமலேயே திருப்பிப் போட்டார்கள். அதற்கும் முன்னால் நின்ற ஜீப்பிலும் எடுத்துக்கொண்டார்கள். செக்போஸ்ட் போலீஸ்காரர் டார்ச்சை அடித்து ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தார். டார்ச்சு பட்ட வண்டியெல்லாம் பின்பக்கம் சிவப்பாகத் தகதகத்தது.

"என்னம்மா விசேசம்?" என்று கேட்டார்.

"வீட்டுக்குப் போறோம் சார்!" என்று கத்தினாள் சந்திரவல்லி. தானும் வாயில் கைவைத்து, அத்தனை பேர் குரலுக்கும் மேலே எழும்பும்படி ஒரு குலவை போட்டாள்.